மைக்கோடு கெடும் இடங்கள்: காகிதத்திலும் கணினியிலும் பிழை நீக்கும் வழிமுறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கும் நடுகற்களைப் பென்சிலால் வரைந்து எடுத்து வந்து, வீட்டில் அமர்ந்து மை தீட்டும்போதுதான் பெரும்பாலான கோட்டோவியங்கள் கெடுகின்றன. களத்தில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் நிலை சரியாகப் பிடிபட்டிருக்கும், அளவுகளும் பொருந்தியிருக்கும். மை ஏறியவுடன் கோடு பரவும், திரியும், நடுங்கும். அல்லது மேசையில் ஒழுங்காக இருந்த படம் அச்சில் சேறாக வரும். என்னிடம் படம் கொண்டுவந்து காட்டும் இளைஞர்கள் முதலில் சொல்வது, "என் கை சரியில்லை" என்பதுதான். கையைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காகிதத்தில் வரைவோர் முதலில் காகிதத்தையும், பின்னர் மையில் கலக்கும் நீரையும், அதன்பின் பேனா முள்ளையும் பார்க்க வேண்டும். கணினியில் வரைவோர் கோப்பின் அளவு, மென்பொருளின் அமைப்பு, டேப்லெட் என்னும் வரைபலகையின் டிரைவர் (அதைக் கணினியோடு இணைக்கும் நிரல்) என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியென்று தெளிந்த பிறகே பயிற்சிக் குறைவைப் பற்றிப் பேசலாம்.

எந்தப் பிழையானாலும் முதல் வேலை, படம் வரைந்த அதே காகிதத்தின் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு துண்டு வெட்டி எடுப்பது. அதில் மெதுவாக ஒரு கோடு, விரைவாக ஒரு கோடு, மூன்று எண்ணும் வரை பேனாவை ஊன்றி வைத்த ஒரு புள்ளி, பென்சில் கீறலின் மேல் ஒரு கோடு என நான்கு அடையாளங்கள் இட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முனையை ஈர விரலாலும் மறு முனையை ரப்பராலும் தேய்த்துப் பார்க்கவும். மெதுவான கோடு மட்டும் பரவியிருந்தால் காகிதத்தை ஐயுற வேண்டும். விரைவான கோடும் பரவியிருந்தால் மையில் நீர் மிகுதி என்றோ, அது கோட்டோவியத்துக்கு ஏற்ற மை அன்று என்றோ கொள்ளலாம். ஈர விரலுக்குக் கரைந்தால் அது சாய மை. ரப்பருக்கு மங்கினால் மை இன்னும் காயவில்லை, அல்லது பென்சிலின் கரிப்பூச்சு மையைக் காகிதத்தில் இறங்க விடவில்லை. கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்தத் துண்டையே சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.

கோட்டின் ஓரம் மயிர் மயிராகப் பரவுகிறது

காகிதத்தைத் தயாரிக்கும்போது, அதன் நார்கள் நீரை உறிஞ்சாதிருக்கப் பசை ஊட்டுகிறார்கள். அந்தப் பசை குறைந்த காகிதத்தில் மை நார்களின் வழியே ஓடிவிடுகிறது. ஜெராக்ஸ் காகிதம் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையில், இயந்திரத்தின் தூள்மைக்கென்று செய்யப்படுவது. அதில் தொட்டு எழுதும் பேனாவால் நற்கோடு எதிர்பார்ப்பது முறையன்று. நுண்முனைப் பேனாவை விரைவாக ஓட்டினால் அது தாங்கும், அவ்வளவே. தொட்டெழுதும் முள்ளுக்கும் தூரிகைக்கும் வழவழப்பான பிரிஸ்டல் அட்டையோ, ஐவரி அட்டையோ, குறைந்தது 130 ஜிஎஸ்எம் கொண்ட நல்ல கார்ட்ரிட்ஜ் காகிதமோ வேண்டும். கடையில் வாங்குமுன் ஒரு தாள் மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மொத்தமாக வாங்குவது நல்லது; ஏனெனில் ஒரே பெயரில் விற்கும் ஐவரி அட்டையிலும் கட்டுக்குக் கட்டு வேறுபாடு உண்டு.

நல்ல காகிதத்திலும் படத்தின் சில இடங்களில் மட்டும் மை பரவினால், அங்கே ரப்பரால் பலமுறை தேய்த்திருப்பீர்கள். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பின் பசை போய், நார் எழும்பிவிடுகிறது. வீரனின் கையை மூன்று முறை அழித்துத் திருத்தியிருந்தால், அந்தக் கையைச் சுற்றித்தான் மை கசியும். ஆகவே திருத்தங்களை எல்லாம் மலிவான வேறொரு தாளில் செய்து முடித்து, வெளிச்சப் பெட்டியின் மேலோ, பகல் வெளிச்சம் படும் சன்னல் கண்ணாடியின் மேலோ வைத்து, நல்ல தாளில் மெல்லிய கோடாகப் படியெடுத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. ஏற்கெனவே நார் எழும்பிய தாளில் மை தீட்டியே ஆக வேண்டுமானால், அந்த இடத்தை ஒரு சுத்தமான தாளால் மூடி, எஃகுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து நாரைப் படியவைத்து, நுண்முனைப் பேனாவால் விரைவாகத் தீட்டவும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகிதம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு அதுவரை இல்லாத குணத்தைக் காட்டும். சித்திரையில் நன்றாக வேலை செய்த அதே கட்டு மழையில் பரவினால் காகிதத்தைக் குறை சொல்லாமல், அதைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடி, வேலை செய்யும் அன்று மட்டும் தேவையான தாளை எடுக்கவும்.

மை திரிந்து மணல்போல் விழுகிறது, அல்லது கறுப்பு சாம்பலாக வெளிறுகிறது

நம் மாவட்டங்களில் வரைவோருக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். மை கெட்டியாகிவிட்டது என்று குழாய் நீரைச் சில சொட்டு ஊற்றுகிறோம். மறுநாள் புட்டியின் அடியில் கறுப்புத் திப்பிகள் தங்கியிருக்கின்றன. கோட்டின் நடுவே மணல் தூவியதுபோல் துகள்கள் தெரிகின்றன. உடனே மை பழையது என்று எறிந்துவிடுகிறோம். இந்திய மை என்று நாம் வாங்குவது மிக நுண்ணிய கரித்துகள்கள் நீரில் மிதக்கும் கலவை. பல வகைகளில் அவற்றைப் பிணைக்க அரக்குப் பிசின் சேர்ந்திருக்கும். அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே மிதக்கும்வரைதான் அது மை. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்த கடினநீர் அதில் கலந்தால் துகள்கள் கூடித் திரள்கின்றன, அரக்கும் திரிகிறது.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் அத்தகையதே. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சான்று. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதை அறிந்த சிலர், மை திரிவதற்கும் ஃபுளோரைடே காரணம் என்று எண்ணுகிறார்கள். பல்லையும் எலும்பையும் கெடுப்பது அது. மையின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது நீரின் கடினத்தன்மை. காவிரி நீர் வரும் குழாயாக இருந்தாலும், மையில் அதை ஊற்ற வேண்டாம் என்பேன்.

இதற்கான தீர்வு மிக எளிது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் உப்புகள் நீக்கப்பட்ட நீர்; ஒரு லிட்டர் வாங்கினால் ஓராண்டுக்கு மேல் வரும். பேட்டரிக்கு ஊற்றும் அமிலமும் அதே கடையில் இருக்கும் என்பதால் புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்து உறுதிசெய்த பின்னரே வாங்கவும். பெரிய புட்டியில் நேராக நீர் கலக்காமல், சிறு மூடியில் பத்துச் சொட்டு மைக்கு ஒரு சொட்டு நீர் என்று கலந்து, சோதனைத் துண்டில் ஓடவிட்டுப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு சொட்டு சேர்க்கவும். கறுப்பு வெளிறுவது பெரும்பாலும் நீர் கூடியதால்தான். ஆனால் புட்டியை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்து மேல்மட்ட மையை மட்டும் தொட்டாலும் அதே வெளிறல் வரும்; அப்போது நுரை எழாதபடி புட்டியை மெல்லச் சாய்த்து உருட்டிக் கலக்க வேண்டும்.

இரு வேறு நிறுவன மைகளை ஒரே புட்டியில் சேர்ப்பதும் இதே திரிதலைத் தரும். ஒன்றில் அரக்கும் மற்றொன்றில் அக்ரிலிக்கும் இருந்தால் அவை கூடி வாழா. திரிந்த மையைத் துணியில் வடிகட்டிக் காப்பாற்ற முயல்வது வீண். அதைக் கரும்பரப்பு நிரப்பவும் பயன்படுத்த வேண்டாம்.

முள்ளில் மை நிற்காமல் உருள்கிறது

புதிய முள்ளில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். தீயில் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. எஃகின் பதம் போய் முள் வளைந்துவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

ஒரே கோடு நடுவில் வெளுத்து இரண்டு தண்டவாளங்களாகப் பிரிந்தால், முள்ளின் இரு பிளவுகள் அகன்ற அளவுக்கு மை இறங்கவில்லை என்று பொருள். மை தீர்ந்திருக்கலாம், நுனியில் காய்ந்திருக்கலாம், அல்லது அந்த முள் தாங்கும் அகலத்துக்கு மேல் அழுத்தியிருக்கலாம். வெயில் காலத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் அறையில் இரண்டாவது காரணமே முதன்மையானது. விசிறியின் நேர்க்கீழிலிருந்து மேசையைத் தள்ளிப் போட்டு, பத்துக் கோட்டுக்கு ஒருமுறை ஈரத் துணியில் நுனியைத் துடைக்கவும். துளி சொட்டினால் முள்ளை அதன் நடுத்துளைக்கு மேல் முக்கியிருக்கிறீர்கள். முள் காகிதத்தைக் கீறி மையைத் தெறித்தால் கோட்டை உங்களிடமிருந்து அப்பால் தள்ளுகிறீர்கள். அழுத்தம் எப்போதும் உங்களை நோக்கி வரும் இழுப்பில்தான் இருக்க வேண்டும். வளைவு திரும்பும் இடத்தில் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்பவும்.

அரக்கு கலந்த இந்திய மையை எழுதும் ஊற்றுப் பேனாவில் ஒருபோதும் நிரப்பக்கூடாது. உள்ளே காய்ந்தால் அந்தப் பேனாவை மீட்பது அரிது.

நுண்முனைப் பேனாவின் கோடு ரப்பர் பட்டதும் மங்குகிறது

நிறமித் துகள் கொண்ட பிக்மா மைக்ரான் போன்ற பேனாக்கள் காய்ந்த பிறகு நீருக்குக் கரையா. எனினும் ரப்பர் மேற்பரப்புத் துகளை உரித்தெடுக்கும். பென்சில் கோடு கருமையாக இருந்தால் மை அதன் மேல் அமர்ந்து, பென்சிலோடு சேர்ந்தே போய்விடும். கடினமான எச் வகைப் பென்சிலால் மெல்ல வரைந்து, மை தீட்டிய பின் அரை மணி நேரமாவது காத்திருந்து, பிசைந்து உருட்டும் மென்ரப்பரால் ஒற்றி எடுப்பது நல்லது. இன்னும் பாதுகாப்பான வழி வெளிர்நீலப் பென்சில். அதை அழிக்கவே வேண்டியதில்லை; ஸ்கேன் செய்த பின் கணினியில் நீலத்தை மட்டும் வெளுக்கச் செய்யலாம்.

இந்தப் பேனாக்களின் எண் மில்லிமீட்டர் அளவன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மைக்ரானில் 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. கோடு. "005 வாங்கினேன், 0.05 மி.மீ. கோடாக மெல்லியதாக வரும் என்று நினைத்தேன்" என்று குழம்பியவர்களைக் கண்டிருக்கிறேன். சொரசொரப்பான தாளில் அழுத்தினால் முனை மழுங்கி 0.20 கோடு 0.30 ஆகிவிடும். அப்படி மழுங்கிய பேனாவை எறியாமல், புள்ளியிடுவதற்கென ஒதுக்கவும்.

தீட்டிய கோடு இழுபடுகிறது

வலக்கையர் இடமேலிருந்து வலக்கீழாகவும், இடக்கையர் வலமேலிருந்து இடக்கீழாகவும் செல்ல வேண்டும். கையின் கீழ் ஒரு தாளை வைத்தால் வியர்வையின் எண்ணெயும் காகிதத்தில் படியாது. அளவுகோலின் அடியில் மை ஊறினால், அதன் கீழ்ப்பக்கத்தில் இரண்டு மூன்று மடிப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, விளிம்பைக் காகிதத்திலிருந்து சற்றே உயர்த்தவும்.

புள்ளிகள் வாலுடன் விழுகின்றன, கல் கல்லாகத் தெரியவில்லை

நடுகல்லை வரைவோர் கல்லின் மேடுபள்ளத்தைப் புள்ளிகளால் காட்டுவது வழக்கம். அதில் வரும் முதல் பிழை, ஒவ்வொரு புள்ளிக்கும் சிறு வால் முளைப்பது. பேனா சாய்ந்திருப்பதும், புள்ளி வைத்த கை மேலே எழாமல் அடுத்த புள்ளியை நோக்கி நகர்ந்துவிடுவதும் இதற்குக் காரணம். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, வைத்த இடத்திலிருந்து நேர்மேலே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மணி நேரத்தில் படம் முழுவதும் வால்புள்ளிகளாகிவிடும். இருபது நிமிடம் வைத்து ஐந்து நிமிடம் விரலை ஓய்வுக்கு விடுபவர்தான் இறுதியில் விரைவாக முடிக்கிறார்.

இரண்டாவது பிழை இதைவிடக் கடினமானது. புள்ளிகள் தனித்தனியே நன்றாக இருக்கின்றன; ஆனால் கல் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் தோன்றுகிறது. புள்ளிகளைச் சம இடைவெளியில் வரிசையாக வைத்திருந்தாலோ, எங்கும் ஒரே அடர்த்தியில் தூவியிருந்தாலோ இது நேரும். தொல்லியல் வரைபடங்களில் வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு. அதன்படி வீரனின் உடல் கல்லிலிருந்து புடைத்து நிற்கும் இடத்தில் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமுமே நிழல். அந்த நிழலின் மிகக் கரிய விளிம்பிலிருந்து தொடங்கி, வெளியே செல்லச் செல்லப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். புள்ளியின் அளவைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதே கண்ணுக்கு இதமானது. வெளிச்சம் படும் பரப்பை வெறுமையாக விடத் துணிவு வேண்டும்.

இங்கே கைத்திறனைவிட நேர்மை பெரிது என்று நான் கருதுகிறேன். நம் பகுதிக் கருங்கல்லின் சொரசொரப்பை எல்லாம் புள்ளியாக்கினால், உளி செதுக்கியது எது, கல்லின் இயல்பு எது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். வீரனின் உடலில் தைத்த அம்பு என்று நாம் வரைந்த கோடு, வெறும் விரிசலாக இருக்கக்கூடும். வட்டெழுத்து வரிகளில் இந்த ஐயம் இன்னும் கூடுதல். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் விழும் சாய்வெயிலில் கல்லை மறுபடி பார்த்து, அப்போதும் உறுதியாகாத எழுத்தை முழுக்கோட்டால் தீட்டாமல், விட்டு விட்டுச் செல்லும் கீற்றுக்கோட்டால் காட்டி, படத்தின் கீழே அதைக் குறிப்பிட வேண்டும். அழகான படத்துக்காக ஓர் எழுத்தை நிறைவு செய்துவிடுவது பின்னர் படிக்க வருவோரைத் தவறான சொல்லுக்கு அழைத்துச் செல்லும்.

கரும்பரப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது

மல்லப்பாடியிலும் மல்லசந்திரத்திலும் பாறை மேல் வெண்ணிறத்தில் உள்ள தொல்லோவியங்களைக் கோட்டோவியமாக்கும்போது, வெண்மையைக் கறுப்பாக நிரப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. குதிரை மேல் அமர்ந்த உருவத்தைப் பேனாவால் நிரப்பினால் கீற்றுகள் தெரியும். ஓரத்தை மட்டும் பேனாவால் அடைத்து, உள்ளே தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சாகத் தீட்டவும். முதற்பூச்சு முற்றும் காய்ந்த பின்னரே இரண்டாவது. தாள் மடங்காதிருக்க நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டிவிடவும். ஓரம் பிதுங்கினால் வெள்ளை போஸ்டர் கலரைக் கெட்டியாகக் குழைத்துத் திருத்தலாம். எழுத்துப் பிழை திருத்தும் ஒயிட்னர் மேடாக நின்று வெடிக்கும். அதன் மேல் மறுபடி மை தீட்டினால் நுண்முனைப் பேனாவின் நுனி அடைத்துக்கொள்ளும்.

கணினியில் அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை

டேப்லெட்டில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே அகலமாக வந்தால், தூரிகை அமைப்பில் அளவு அழுத்தத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பல நேரங்களில் தவறான தூரிகையைத் தேர்ந்திருப்போம். வேறு தூரிகையிலும் அழுத்தம் வரவில்லை என்றால் குற்றம் டிரைவருடையது. ஒரே கணினியில் முன்பிருந்த வேறொரு நிறுவன டேப்லெட்டின் டிரைவர் நீக்கப்படாமல் இருந்தால் இரண்டும் மோதும். இரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, இப்போதுள்ள கருவிக்கு உரியதை மட்டும் நிறுவவும். விண்டோஸில் கிரிதா என்னும் ஓவிய மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் டேப்லெட் அமைப்புப் பகுதியில் விண்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு வழிகள் இருப்பதைக் காணலாம். ஒன்றில் அழுத்தம் வரவில்லை என்றால் மற்றதைத் தேர்ந்து, கிரிதாவை மூடித் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் உள்ள சோதனைக் கட்டத்தில் கிறுக்கிப் பார்த்தால், அழுத்தம் மென்பொருளை வந்தடைகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

வட்டம் வரைந்தால் முட்டை வருகிறது என்பது தனிப் பிழை. டேப்லெட் பரப்பின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை. டிரைவரில் விகிதத்தைக் காக்கும் தெரிவை இயக்கினால் தீர்ந்தது.

கணினிக் கோடு நடுங்குகிறது

காகிதத்தில் நேர்த்தியாக வரையும் கையே டேப்லெட்டில் நடுங்குவதைக் கண்டு பலர் மனம் தளர்கிறார்கள். திரையில்லாத டேப்லெட்டில் கண் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருப்பது ஒரு காரணம். அது இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். பரப்பு வழுக்குவது மற்றொன்று. அதன் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை ஒட்டினால் காகிதத்தின் பிடிப்பு கிடைக்கும், ஆனால் பேனா முனை விரைவாகத் தேயும். மிகப் பெரிதாக்கிக் கொண்டு மிக மெதுவாக வரைவதுதான் மூன்றாவது காரணம், மிகப் பரவலானதும் அதுவே. நெற்றியிலிருந்து முழங்கால் வரை செல்லும் ஒரு கோட்டைத் திரைக்குள் முழுதாகத் தெரியும்படி வைத்து, மணிக்கட்டை ஊன்றாமல் முழங்கையிலிருந்து ஒரே இழுப்பாக வரைந்து, பிடிக்கவில்லை என்றால் நீக்கி மறுபடி வரைய வேண்டும். ஆறு முறை நீக்குவது குறையன்று. கணினி நமக்குத் தரும் பெருங்கொடை அதுதான்.

இவற்றின் பின்னரே, கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் மென்பொருள் வசதியை நாடவும். கிரிதாவில் சாதாரணம், எடையிட்டது, நிலைப்படுத்தி என மென்மையாக்கும் வகைகள் உள்ளன. எடையிட்ட வகையில் தொலைவு என்ற அமைப்பைச் சிறிதாக வைத்தால் கோடு மென்மையாகும். கையின் இயல்பும் எஞ்சும். நிலைப்படுத்தியை உச்சத்தில் வைத்தால் கோடு கைக்குப் பின்னே இழுபட்டு வரும், மூலைகள் உருண்டுவிடும், கல்லில் உளி வெட்டிய கூர்மை போய், வீரனின் வாள் வெண்டைக்காய்போல் ஆகிவிடும்.

கள ஒளிப்படத்தையோ கல்வெட்டின் மைப்படியையோ (மேலே தாளை ஒற்றி மை பூசி எடுத்த படி) அடியில் வைத்து வரைவோர், அதன் அடுக்கை (லேயர்) கால் பங்கு தெரியும்படி மங்கச் செய்து, பூட்டிவிட்டு, மேலே தனி அடுக்கில் மை தீட்ட வேண்டும். பூட்ட மறந்து ஒளிப்படத்தின் மேலேயே ஒரு மணி நேரம் வரைந்தவரின் உழைப்பைப் பிரித்தெடுக்க வழியில்லை.

கோட்டுக்கும் நிரப்பிய நிறத்துக்கும் இடையே வெண்கீற்று தெரிகிறது

கோட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரியாதிருக்க மென்பொருள் சாம்பல் நிறப் புள்ளிகளை வைக்கிறது. நிரப்பும் கருவி அவற்றின் முன்னே நின்றுவிடுகிறது. நிறத்துக்கெனக் கோட்டின் கீழே தனி அடுக்கு வைத்து, கருவி எல்லா அடுக்குகளையும் பார்க்கும்படி அமைத்து, தேர்வை ஒன்று அல்லது இரண்டு புள்ளி விரிக்கச் சொன்னால் கீற்று மறையும்.

பிழை ஒன்றும் இல்லை, ஆனால் படத்தில் உயிரில்லை

கோடு பரவவில்லை, நடுங்கவில்லை; எனினும் படம் கம்பியை வளைத்து ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கிறது. காகிதத்துக்கும் கணினிக்கும் பொதுவான இந்த அறிகுறிக்குக் காரணம், எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனில் இருப்பது. உருவத்தின் புறக்கோடு தடித்தும், உள்ளே ஆடை மடிப்பும் அணிகலனும் மெலிந்தும், நிழல் பக்கக் கோடு வெளிச்சப் பக்கத்தைவிடக் கனத்தும் இருக்க வேண்டும். ஒரு பொருள் மற்றொன்றின் முன்னே நிற்கும் இடத்தில், முன்னதன் கோடு தடித்து, பின்னதன் கோடு அதைத் தொடுவதற்கு முன் மயிரிழை இடைவெளி விட்டு நின்றுவிட்டால் ஆழம் தானே பிறக்கிறது. வீரனின் வில்லும் கல்லின் விளிம்பும் சரியாக ஒன்றையொன்று தொட்டபடி வந்தால் கண் குழம்பும். படைப்பு ஓவியமானால் ஒன்றைச் சற்று நகர்த்தலாம். கல்லின் பதிவானால் நகர்த்த உரிமையில்லை, தடிமன் வேறுபாட்டால்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

நுண்முனைப் பேனாவில் அழுத்தத்தால் தடிமன் மாறாது. மூன்று அளவுப் பேனாக்களை வரிசையாக வைத்து, முதலில் படம் முழுவதையும் மெல்லியதால் முடித்து, பின்னர் நிழல் பக்கத்தை மட்டும் தடித்ததால் இரண்டாம் முறை தொடுவது நல்ல பழக்கம். முதலிலேயே தடித்த பேனாவை எடுத்தால் பின்வாங்க இடமிருக்காது.

மேசையில் நன்றாக இருந்த படம் அச்சில் கெடுகிறது

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு வெளியீட்டுக்காக நான் வரைந்த நடுகல் படம், அச்சில் கரும்பாறையாக வந்தது. அரை மி.மீ. இடைவெளியில் நான் வைத்த புள்ளிகள், படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டபோது 0.17 மி.மீ. இடைவெளிக்கு வந்தன, மேப்லித்தோ என்னும் அச்சுக் காகிதத்தில் மை சற்றே பரவ, புள்ளிகள் எல்லாம் கூடிவிட்டன. அதே சுருக்கத்தில் 0.20 மி.மீ. கோடு 0.07 மி.மீ. ஆகி, வீரனின் முகத்தில் பாதி காணாமல் போயிற்று. அன்றிலிருந்து அச்சாகும் அளவை முதலில் கேட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக வரைவதில்லை. பாதி வேலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சென்று, அச்சாகும் அளவுக்குச் சுருக்கி நகல் எடுத்துப் பார்த்துவிடுவேன். சில ரூபாயில் முடியும் சோதனை அது.

ஸ்கேன் செய்யும்போது சாம்பல் நிற முறையில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைக்கவும். ஏ4 தாள் அப்போது 4960க்கு 7016 புள்ளிகளாக வரும். 300 டிபிஐயில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக மட்டும் மாற்றினால் வளைவுகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். நிலைகளைச் சரிசெய்யும் (லெவல்ஸ்) கருவியில் தாளின் மஞ்சள் சாயலை வெண்மையாகவும் மையைக் கறுப்பாகவும் நகர்த்தும்போது, மெல்லிய கோடுகள் அறுபடத் தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமிக்கவும். ஜேபெக் வடிவம் கோட்டைச் சுற்றிப் புகைபோல் அழுக்கை விடும். அச்சகத்தார் வாட்ஸாப்பில் கேட்டால், படமாக அனுப்பினால் அது சுருங்கி நசுங்கிப் போகும் என்பதால் ஆவணமாக இணைத்து அனுப்பவும்.

கோட்டைச் சுற்றிச் சிவப்பு, நீலச் சாயல் தெரிந்தால், கோப்பு திரைக்குரிய மூன்று நிற முறையில் சென்றிருக்கிறது. அச்சுக்காக மாற்றும்போது கறுப்பு, நான்கு மைகளின் கலவையாகி, ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் மயிரிழை விலகினாலும் நிழல் தட்டுகிறது. கோட்டோவியத்தைச் சாம்பல் நிறக் கோப்பாகவோ, கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடு என்ற அமைப்பிலோ கொடுத்தால் ஒரே தகட்டில் அச்சாகும்.

மாதிரிப் படி வந்ததும் படத்தை முழுதாகப் பார்ப்பதற்கு முன், புள்ளிகள் மிக அடர்ந்த இடத்தையும் கோடு மிக மெலிந்த இடத்தையும் பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்க்கவும். அடர்ந்த இடம் அடைத்திருந்தால் கோப்பில் அங்குள்ள புள்ளிகளில் மூன்றில் ஒன்றை நீக்கவும். மெலிந்த இடம் அறுந்திருந்தால் அந்தக் கோடுகளை மட்டும் ஒரு படி தடிக்கச் செய்யவும். பின் அதே காகிதத்தில் இன்னொரு மாதிரி கேட்டு வாங்கிய பிறகே அச்சுக்கு ஒப்புதல் எழுதவும்.